மவுஸ் ஆன் மார்ஸ் இத்தனை பேரை எதற்குக் கூட்டி வந்தார்கள்?

ஜெர்மனியின் எலெக்ட்ரானிக் இசைக்குழுவான மவுஸ் ஆன் மார்ஸ் பற்றிக் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: "மவுஸ் ஆன் மார்ஸின் தொண்ணூறுகளின் ஆல்பங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2018-ல் வந்த 'டைமென்ஷனல் பீப்பிள்' மட்டும் காதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒரு இடத்தில் ராப், ஒரு இடத்தில் ஊதுகருவிகள், இன்னொரு இடத்தில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கிறார். சரக்கு தீர்ந்துபோய்ப் பெரிய பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்களா? இதை எப்படித்தான் கேட்பது?"

சரக்கு தீரவில்லை, தம்பி. நீங்கள் அதைப் பன்னிரண்டு பாட்டாகக் கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல். அது பாட்டுத் தொகுப்பு இல்லை. ஒரே துண்டு, ஒரே துடிப்பு, ஒரு கூட்டம். பாலக்காடு பக்கம் பிறந்த உங்களுக்கு இதற்கான காது ஏற்கெனவே இருக்கிறது. செண்டை மேளத்துக்கு முன்னால் நின்ற எவருக்கும் இருக்கும். அந்தக் காதை எடுத்து இங்கே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அவர்கள் கதையிலேயே இருக்கிறது. ஆண்டி டோமா ட்யூசல்டார்ஃப்காரர், யான் செயின்ட் வெர்னர் கொலோன்காரர். 1993-ல் சேர்ந்தார்கள். ட்யூசல்டார்ஃப் என்றால் எலெக்ட்ரானிக் இசையின் முன்னோடிக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் ஊர். கொலோன் என்றால் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் வானொலி நிலையத்து ஸ்டூடியோவில் உட்கார்ந்து டேப்பை வெட்டி ஒட்டிய ஊர். ஒரு பக்கம் நேர்க்கோட்டில் ஓடும் மெஷின் தாளம், இன்னொரு பக்கம் ஒலியைப் பிய்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டே இசை செய்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். 1994-ல் 'வுல்வாலேண்ட்', 1995-ல் 'யாவோரா டஹிட்டி', 1997-ல் 'ஆட்டோடிடாக்கர்'. நீங்கள் பிடிக்கும் என்று சொன்ன காலம் இது. கொழகொழவென்ற பேஸ், குமிழி வெடிப்பது மாதிரியான சத்தங்கள், எங்கேயும் கூர்மையான விளிம்பே கிடையாது.

அந்தக் காலத்திலேயே அவர்கள் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிற ஆட்கள் இல்லை. ஸ்டீரியோலேப் குழுவின் 1997 ஆல்பமான 'டாட்ஸ் அண்ட் லூப்ஸ்' உருவானதில் அவர்கள் கை உண்டு, அதில் ஒரு பகுதி பதிவானதே ட்யூசல்டார்ஃபில்தான். வெர்னர் இன்னொரு பக்கம் ஓவல் குழுவின் மார்கஸ் பாப்போடு சேர்ந்து 'மைக்ரோஸ்டோரியா' நடத்தினார். டோடோ என்கிஷி வந்து ட்ரம்ஸ் வாசித்தார், பாடினார். 2007-ல் தி ஃபால் குழுவின் மார்க் ஈ. ஸ்மித்தைக் கூட்டிக்கொண்டு 'வான் சூடன்ஃபெட்' என்ற பெயரில் ஒரு ஆல்பம். அந்த மனிதரோடு வேலை செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அவர் வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2014-ல், சேர்ந்து 21 வருடம் ஆனதற்காக, '21 அகெய்ன்' என்று முழுக்க முழுக்கக் கூட்டாளிகளோடு செய்த தொகுப்பு. ஆக 2018-ல் திடீரென்று விருந்தாளி தேடிப் போகவில்லை. விருந்தாளி எப்போதுமே அந்த வீட்டில் இருந்தார். இந்த முறை பந்தலைப் பெரிதாகப் போட்டார்கள்.

எவ்வளவு பெரிதாக? ஏறக்குறைய ஐம்பது பேர். பான் ஐவர் குழுவின் ஜஸ்டின் வெர்னன், தி நேஷனல் குழுவின் டெஸ்னர் சகோதரர்கள் ஆரன், பிரைஸ், பெய்ரூட் குழுவின் சாக் காண்டன், ராப் பக்கம் ஸ்பேங்க் ராக், அமாண்டா பிளாங்க், அயர்லாந்துப் பாடகி லிசா ஹானிகன், நாட்டுப்புறப் பாட்டுக்காரர் சாம் அமிடன், பழைய சோல் பாடகர் ஸ்வாம்ப் டாக், கொலோனின் நவீன இசைக்குழுவான ஆன்சாம்பிள் மியூசிக்ஃபாப்ரிக். போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி தட்டுகிற தாளவாத்திய ரோபோக்களும் உண்டு. மோரிட்ஸ் சைமன் கைஸ்ட் என்பவர் இப்படிப்பட்ட இயந்திரங்களைக் கட்டுபவர். பதிவு செய்து வைத்த சத்தத்தை (சாம்பிள்) ஓட விடாமல், நிஜமான ஒரு சின்னச் சுத்தியல் நிஜமான ஒரு தகட்டைத் தட்டும். எலெக்ட்ரானிக் குழு, ஆனால் காற்றில் அடிக்கிற சத்தம் வேண்டும் என்று அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. வயதான குழுக்கள் இப்படிப் பெயர்களை அடுக்குவது வழக்கமான வியாபாரம்தான். ஒரு பாட்டுக்கு ஒரு நட்சத்திரம், பெட்டியின் மேல் ஸ்டிக்கர். 'டைமென்ஷனல் பீப்பிள்' அந்த வகை இல்லை என்பதற்கு என் சாட்சி, அதில் யாரும் முழுப்பாட்டுப் பாட விடப்படவில்லை. குரல் வரும், இரண்டு வாக்கியம் போகும், வெட்டப்படும், நீட்டப்படும், பின்னால் வரும் ஊதுகருவியோடு கரைந்துவிடும். வெர்னன் குரலைக் கேட்டு அதற்காகவே வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். பெயர் வைத்து விற்கிற நோக்கம் இருந்திருந்தால் அந்தக் குரலை இவ்வளவு நறுக்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆல்பம் முழுவதும் ஒரே வேகத்தை வைத்துக் கட்டப்பட்டது, நிமிடத்துக்கு 145 துடிப்பு. சுருதியும் அப்படித்தான், ஒரே ஸ்வர வட்டத்துக்குள்தான் எல்லாம் சுற்றுகிறது. 145 என்பது ஒரு விசித்திரமான எண். ஹவுஸ் என்கிற நடன இசை சாதாரணமாக 120-லிருந்து 130 வரை ஓடும், ஃபுட்வொர்க் என்கிற சிகாகோ நடன இசை 160-ஐத் தொடும். 145 இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம். அதைப் பாதியாக்கினால் 72.5. சும்மா உட்கார்ந்திருக்கிறவனின் நாடி வேகம் ஏறக்குறைய அதுதான். அதனால் ஒரே நேரத்தில் ஒருவர் ஓடலாம், இன்னொருவர் நடக்கலாம், இரண்டு பேரும் தாளம் தப்ப மாட்டார்கள். ராப் பாதி வேகத்தில் சாவகாசமாக வரும், அதற்கு அடியில் ரோபோ முழு வேகத்தில் கொறித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு "ஒரு இடத்தில் இது, ஒரு இடத்தில் அது" என்று படுவது இந்த ஏற்ற இறக்கம்தான். துடிப்பு மாறவே இல்லை, எத்தனை அடிக்கு ஒரு முறை கால் வைக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது.

இதைத்தான் நம் பக்கத்துக் கோயில்களில் பஞ்சாரி மேளம் என்று காலங்காலமாக வாசிக்கிறார்கள். பஞ்சாரி ஆறு அட்சரத் தாளம். முதல் காலத்தில், அதாவது மேளத்தின் ஐந்து வேகக் கட்டங்களில் முதலாவதில், ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று சரிபாதியாகச் சுருங்கும். முதல் காலத்தில் நிற்கும்போது 'இது எங்கே போகிறது, எப்போது முடியும்' என்று ஒன்றும் புரியாது. சுற்று அவ்வளவு நீளம், காது அதை ஒரு முழுசாகப் பிடிக்காது. மூன்றாம் காலம் வந்ததும்தான் கை தன்னால் உயரும். ஐந்தாம் காலத்தில் கேட்கவே வேண்டாம், கோயில் முற்றமே குதிக்கும். புதிதாக வந்தவர் முதல் காலத்திலேயே கிளம்பிப்போய் 'என்னமோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொன்னால் நாம் சிரிப்போம் இல்லையா? ஆல்பத்தை மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டு ஒட்டவில்லை என்பதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைத்துவிட்டு ஒப்பிடக் கூடாது. பஞ்சாரி ஏறிக்கொண்டே போகும், உச்சம் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். 'டைமென்ஷனல் பீப்பிள்' ஏறாது. அடர்த்தியாகும், மெலியும், மறுபடி அடர்த்தியாகும். ஐந்தாம் காலத்துக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உச்சம் இல்லாத மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் காதுக்கு இது கொஞ்சம் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது ஒற்றுமை முதலாவதைவிட முக்கியம். மேளத்தில் ஆட்கள் நிற்கிற அமைப்பைக் கவனித்திருப்பீர்கள். உருட்டுச் செண்டைக்காரர்கள் ஒரு வரிசை, நடுவில் மேளத்தை நடத்துகிற பிரமாணி. அவர்களுக்குப் பின்னால் வீக்கன் செண்டை, இலைத்தாளம். எதிர்ப் பக்கம் இவர்களைப் பார்த்தபடி குழல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கொம்பு. திருச்சூர் பூரத்தில் நடக்கும் இலஞ்சித்தற மேளத்தில், அது பாண்டி மேளம், இப்படி இருநூறு பேருக்கு மேல் நிற்பார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் உங்களுக்குக் கிடைக்கிற மேளம். வீக்கனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தும் தும் என்று நெஞ்சில் இடிப்பது மட்டும்தான், குழல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு வரிசைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் அது வேறு உலகம். நெம்மாரா–வல்லங்கி வேலா திருவிழாவில் அந்த நடு இடத்துக்கு எவ்வளவு தள்ளுமுள்ளு என்று உங்களுக்குத் தெரியும்.

டோமாவும் வெர்னரும் இந்த ஆல்பத்தை முதலில் யோசித்ததே இப்படி வெளியில் பரப்பி வைக்கிற இசையாகத்தான். அவர்கள் எடுத்துக்கொண்ட முறைக்குப் பெயர் ஆப்ஜெக்ட் அடிப்படையிலான மிக்ஸிங். நான் சவுண்ட் சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. வழக்கமான மிக்ஸிங்கில் ஒவ்வொரு சத்தத்தையும் இடது ஸ்பீக்கருக்கு இவ்வளவு, வலதுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஒட்டிவிடுவோம். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது. ஆப்ஜெக்ட் முறையில் சத்தம் தனியாக இருக்கும், அது அறையில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற தகவல் அதோடு தனியாகப் போகும். கேட்கிற இடத்தில் எத்தனை ஸ்பீக்கர், எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து மெஷின் அங்கேயே கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். 2012-ல் தியேட்டர்களுக்கு வந்த டால்பி அட்மாஸ் இந்த முறைதான். மழை தலைக்கு மேல் பெய்கிற மாதிரி கேட்குமே, அது.

ஒலியை அறையில் பரப்பும் யோசனை கொலோன்காரர்களுக்குப் புதிதும் இல்லை. 1956-ல் அங்கே வானொலி அரங்கில் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலை வைத்துச் செய்த எலெக்ட்ரானிக் படைப்பை ஐந்து ஸ்பீக்கர் கூட்டங்களில் ஓட விட்டார்கள். அதே மனிதருக்காக 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் உருண்டையாக ஒரு அரங்கமே கட்டி ஐம்பது ஸ்பீக்கர் வைத்தார்கள். வெர்னர் இந்தப் பரம்பரையை நன்றாகத் தெரிந்தவர், ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெய்ம் என்ற பரிசோதனை இசை மையத்தில் கலை இயக்குநராக இருந்தவர்.

இங்கேதான் உங்கள் பிரச்சினையின் பாதி. நீங்கள் கேட்பது அந்தப் பெரிய பரப்பை இரண்டு ஸ்பீக்கருக்குள் மடித்து வைத்த வடிவம். அந்த இரண்டையும் ஒழுங்காக வைக்காவிட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் சத்தியமாக அது குப்பைதான், நானே சொல்கிறேன். நம் ஊர் கல்யாணப் பாக்ஸ் செட்டில் போட்டாலும் அப்படித்தான். பந்தலில் எந்த மூலையில் உட்கார்ந்தவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதால் இடதையும் வலதையும் கூட்டி மோனோவாகத்தான் விடுவோம். அகலமாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக வைத்த ஒலிகள், அப்படிக் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சாதாரணப் பாட்டில் இது பெரிதாகத் தெரியாது, குரலும் பேஸும் எப்போதும் நடுவில்தானே இருக்கும். இந்த ஆல்பத்தில் நடுவில் இருக்கிற ஆள் யாரும் இல்லை. கூட்டம் முழுக்க ஓரங்களில் நிற்கிறது.

அதனால் செய்ய வேண்டியது: நல்ல ஹெட்போன், அல்லது இரண்டு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் என்றால் அவற்றுக்கு இடையில் எவ்வளவு தூரமோ அதே தூரம் தள்ளி நீங்கள், மூன்றும் சமபக்க முக்கோணம். சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். ப்ளூடூத் ஒற்றை டப்பா வேண்டவே வேண்டாம். சத்தம் மிதமாக இருந்தால் போதும். அப்புறம் ஷஃபிளை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட விடுங்கள்.

தலைப்புப் பாட்டு மூன்று பகுதிகளாக முதலில் வரும். ஆல்பத்தின் சிறந்த பகுதி அதுதான் என்பது என் எண்ணம். முதல் தடவை கேட்கும்போது குரல்களைத் துரத்தாதீர்கள். அடியில் ஓடுகிற அந்தத் துடிப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், விரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாலும் சரி. நாலாவதாக வரும் 'ஃபவுல் மவுத்'தில் அமாண்டா பிளாங்க் ராப் செய்கிறார். தனியாகக் கேட்டால் அதிரடியாக இருக்கும், வரிசையில் கேட்டால் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை ஒரு இரண்டு நிமிடம் முன்னாலேயே வெட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். உங்களை விரட்டியது இந்த இடம்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

அதைத் தாண்டினால் 'பார்லிமென்ட் ஆஃப் ஏலியன்ஸ்'. இதுவும் மூன்று பகுதி, ஆனால் சேர்ந்தாற்போல் வராது, நடுவில் வேறு இரண்டு பாட்டு புகுந்துவிடும். மறுபடி ஆரம்பிக்கும்போது, முன்பு கேட்ட ஒன்று வேறு கூட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறது என்று காது கண்டுகொண்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா நாளில் கொங்கு ராஜாவின் படையை விரட்டியதைக் கொண்டாடும்போது, வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிற நாமும்தான் அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டுகிறோம். விரட்டியவர் பக்கமா, விரட்டப்பட்டவர் பக்கமா என்று யாரும் கேட்பதில்லை. அந்நியர்களின் நாடாளுமன்றம் என்றால் நமக்குத் தெரியாதா என்ன!

பெயர் என்றதும் இன்னொன்று. இந்த ஆல்பத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'நியூ கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் சோஷலிசம்'. கேரளத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் ஏதோ ஏரியா கமிட்டி மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இருக்கிறது, மாற்றியது நல்லதுதான். ஆனால் யோசனை என்ன என்பது அந்தப் பழைய பெயரில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. கட்டுமானம் தெரிய வேண்டும், எந்தக் கல்லும் இன்னொன்றைவிடப் பெரிது இல்லை. இருபத்தைந்து வருடம் இரண்டு பேராக இருந்த ஒரு குழு, தங்கள் பெயர் போட்ட ஆல்பத்தில் தாங்களே கூட்டத்துக்குள் மறைந்துகொள்ள முயன்றிருக்கிறது. அது முழுசாக நடந்ததா என்றால் இல்லை. வெட்டுகிற கத்தி கடைசி வரை அவர்கள் கையில்தான் இருந்தது, அதைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. பிரமாணி இல்லாமல் மேளமும் இல்லை, அது வேறு விஷயம்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லவில்லையே. ஸ்வாம்ப் டாக், நிஜப் பெயர் ஜெரி வில்லியம்ஸ் ஜூனியர், 1942-ல் பிறந்தவர். எழுபதுகளிலிருந்து கிறுக்குத்தனமான சோல் ஆல்பங்கள் போட்டு ஒரு சின்னக் கூட்டத்தின் பெரிய ஆளாக இருப்பவர். 'ரெஸ்யூமே' என்ற தலைப்பில் அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார், கூட்டம் பின்னால் முனகிக்கொண்டிருக்கிறது. எல்லாக் குரலையும் நறுக்கியவர்கள் இந்த ஒருவரை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்கள். நீங்கள் இதைக் குறையாகச் சொன்னீர்கள், எனக்கு இது ஆல்பத்திலேயே மனசுக்கு நெருக்கமான இடம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை யார் வாயை மூடச் சொல்ல முடியும்? அதே 2018-ல் அவர் 'லவ், லாஸ், அண்ட் ஆட்டோ-ட்யூன்' என்று தன் குரலை ஆட்டோ-ட்யூனில் முக்கியெடுத்து ஒரு ஆல்பம் போட்டார், வெர்னனுக்கு அதிலும் பங்கு உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள், எழுபத்தைந்து வயதுக்கு மேல் அந்தத் தைரியம் எல்லாருக்கும் வராது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, 'யாவோரா டஹிட்டி' எங்கேயும் போய்விடாது. பிடித்துவிட்டால் அடுத்ததாக 2021-ல் வந்த 'ஏ.ஏ.ஐ.'க்குப் போங்கள். அங்கே ஐம்பது பேர் இல்லை, முக்கியமான குரல் எழுத்தாளரும் பேராசிரியருமான லூயிஸ் சூட்-சோகேயுடையது. அவருடைய குரலை ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்து, அந்தக் குரலை ஒரு வாத்தியம் மாதிரி வாசித்திருக்கிறார்கள். கூட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கிய கை அடுத்து ஒரு மனிதனின் குரலுக்குள்ளிருந்து ஒரு கூட்டத்தை வெளியே எடுத்தது என்பதால்தான் இந்த வரிசையில் கேட்கச் சொல்கிறேன். நடுவில் 2006-ன் 'வார்சார்ஸ்' கண்ணில் பட்டால் ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள், அது அரம் வைத்து ராவுகிற மாதிரி இருக்கும்.